மருத்துவக் கல்வியில் பயிற்றுநர்: தேவையான திறன்களும் பண்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு முதல் இளநிலை மருத்துவப் படிப்பில் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது. மாணவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதைவிட நோயாளியின் அருகில் நின்று எதைச் செய்யவல்லார் என்பதே இத்திட்டத்தின் மையக் கேள்வியாகும். இம்மாற்றம் ஆசிரியரிடம் விரிவுரையாற்றும் பணிக்கு அப்பாற்பட்ட ஒரு பணியையும் எதிர்பார்க்கிறது. உடனிருந்து நோக்குதல், வினவுதல், பின்னூட்டம் அளித்தல், மாணவர் தமக்குரிய இலக்கைத் தாமே வகுத்துக்கொள்ளத் துணைநிற்றல் ஆகியவை அப்பணியில் அடங்கும். அதனைச் செய்பவரை இக்கட்டுரை ‘பயிற்றுநர்’ எனச் சுட்டுகிறது. பயிற்றுநருக்கு வேண்டிய ஐந்து திறன்களையும் நான்கு பண்புகளையும் உலக ஆய்வுகளின் துணையோடு விளக்குவதும், பயிற்றுநரே மதிப்பெண் வழங்குபவராகவும் அமையும்போது எழும் சிக்கலைத் தமிழகச் சூழலில் வைத்துப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: மருத்துவக் கல்வி, பயிற்றுநர், வழிகாட்டி, பின்னூட்டம், உற்றுநோக்கல், அகமதிப்பீடு, மறைகாத்தல்.

முன்னுரை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2011ஆம் ஆண்டு ‘தி நியூ யார்க்கர்’ இதழில் தம் அனுபவம் ஒன்றை எழுதினார். பல்லாண்டுகள் அறுவை செய்து தேர்ந்த பின்னர், தம் வளர்ச்சி ஓரிடத்தில் நின்றுவிட்டதாக அவர் உணர்ந்தார். உயர்நிலை விளையாட்டு வீரர்களுக்கு இறுதிவரை பயிற்றுநர் உண்டு. அறுவை மருத்துவருக்கு மட்டும் ஏன் இல்லை என்னும் கேள்வி அவருக்கு எழுந்தது. பயிற்சிக் காலத்தில் தமக்குக் கற்பித்தவரும் அப்போது ஓய்வு பெற்றிருந்தவருமான ராபர்ட் ஆஸ்டீன் என்னும் மூத்த அறுவை மருத்துவரைத் தம் அறுவை அரங்கிற்கு வந்து பார்க்குமாறு வேண்டினார். தைராய்டு அறுவை ஒன்றை ஓரமாக நின்று பார்த்த ஆஸ்டீன் குறிப்புகள் எடுத்துக்கொண்டார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆயினும் மருத்துவர் தாமே அறிந்திராத சிலவற்றை அவர் சுட்டினார். நோயாளியின்மீது விரித்த துணி மருத்துவர் நிற்கும் பக்கத்திற்கு வசதியாகவும் எதிரே நிற்கும் உதவியாளருக்கு இடையூறாகவும் இருந்தது. மருத்துவரின் முழங்கை அவ்வப்போது தோள் உயரத்திற்கு எழும்பியது. அறுவை விளக்கின் ஒளி காயத்தைவிட்டு விலகிப்போனதை அவர் நெடுநேரம் கவனிக்கவில்லை.

இந்நிகழ்வில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, தேர்ந்தவருக்கும் தம்மைத் தாமே முழுமையாகப் பார்க்க இயலாது. இரண்டு, ஆஸ்டீன் புதிய பாடம் எதையும் நடத்தவில்லை. கண்டதைக் கண்டவாறு கூறினார். மூன்று, கவாண்டேயைத் தேர்ச்சிபெறச் செய்யும் அதிகாரமோ தோல்வியுறச் செய்யும் அதிகாரமோ அவரிடம் இல்லை. இம்மூன்றாவது செய்தியே நம் மருத்துவக் கல்லூரிகளில் பெரிதும் கவனிக்கப்படாமல் இருப்பதாகும். இக்கட்டுரை அதனை நோக்கி நகர்கிறது.

சொல்லும் பொருளும்

‘கோச்’ என்னும் ஆங்கிலச் சொல் அங்கேரி நாட்டின் கோச் என்னும் சிற்றூரில் செய்யப்பட்ட குதிரை வண்டியின் பெயரிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள், தம்மைத் தேர்வு என்னும் தொலைவுக்குச் சுமந்து செல்லும் தனி ஆசிரியரை வேடிக்கையாக அச்சொல்லால் அழைத்தனர். பின்னரே அது விளையாட்டுத் துறைக்குச் சென்றது. அதாவது, இச்சொல் கல்விக்குள் நுழைந்தபோதே ‘தேர்வுக்குத் தயார் செய்பவர்’ என்னும் பொருளைக் கொண்டிருந்தது.

தமிழகத்திலும் ‘கோச்சிங்’ என்றவுடன் நினைவுக்கு வருவது நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையமே. மருத்துவ மாணவர் பலர் நீட் தேர்வுக்கான பயிற்சி மையத்தின் வழியாகவே கல்லூரிக்குள் வருகின்றனர்; முதுநிலை நுழைவுத்தேர்வுக்காக மீண்டும் அதே வகை மையத்தை நாடுகின்றனர். அங்கு நடப்பது விடையைக் கொடுத்தல். மருத்துவக் கல்வி ஆய்வுகள் பேசுவதோ, விடையைக் கற்பவரே கண்டறியச் செய்தல். ஒரே சொல் நேரெதிரான இரு செயல்களைக் குறிப்பதால், இக்கருத்தைத் தமிழில் பேசும்போது சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது இன்றியமையாததாகிறது.

‘பயிற்சியாளர்’ என்னும் சொல் பயிற்சி அளிப்பவரையும் குறிக்கும். சில இடங்களில் பயிற்சி பெறுபவரையும் குறிக்கும். மருத்துவமனையில் ‘பயிற்சி மருத்துவர்’ என்றால் அவர் பயில்பவரே. எனவே இக்கட்டுரையில் அளிப்பவர் ‘பயிற்றுநர்’ என்றும் பெறுபவர் ‘பயிலுநர்’ என்றும் வழங்கப்படுகின்றனர்.

ஆசிரியர், வழிகாட்டி, மதிப்பீட்டாளர், பயிற்றுநர்

இந்நான்கு பணிகளும் ஒருவரிடமே அமையலாம். ஆயினும் அவை வேறுவேறானவை. ஆசிரியர் தாம் அறிந்ததை மாணவருக்கு அறிவிக்கிறார். வழிகாட்டி தாம் நடந்த பாதையைக் காட்டி, தம் அனுபவத்திலிருந்து அறிவுரை கூறுகிறார். மதிப்பீட்டாளர் வகுக்கப்பட்ட அளவுகோலை வைத்து மாணவரின் நிலையை முடிவு செய்கிறார். பயிற்றுநரோ மாணவரின் செயலையும் அதற்கான சான்றுகளையும் அவரோடு சேர்ந்து பார்த்து, எங்கு முன்னேற வேண்டும், எவ்வாறு முன்னேறலாம் என்பதை மாணவரே கண்டு, அதற்குப் பொறுப்பேற்கச் செய்கிறார்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 2017ஆம் ஆண்டு மருத்துவ ஆசிரியர்களுக்கென வெளியிட்ட பயிற்றுநர் கையேடும் இப்பணியை வழிகாட்டியின் பணியிலிருந்து வேறுபடுத்தியே காண்கிறது. வழிகாட்டி மாணவர் விரும்பும் துறையில் வல்லவராக இருத்தல் வேண்டும். இதய மருத்துவராக விரும்புபவருக்கு இதய மருத்துவரே சிறந்த வழிகாட்டி. பயிற்றுநருக்கு அத்தேவை இல்லை. உடலியங்கியல் துறைப் பேராசிரியர் ஒருவர் குழந்தை மருத்துவம் பயிலும் மாணவருக்கு நல்ல பயிற்றுநராகலாம். ஏனெனில் அவர் கையாள்வது பாடப்பொருளை அன்று. மாணவரின் கற்றல் முறையையே ஆகும்.

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகிறது. துலாக்கோல் ஐயம் நீக்குதலையும் நடுவுநிலையையும், மலர் யாவரும் விரும்பி ஏற்கும் மென்மையையும் உணர்த்துகின்றன. பவணந்தியார் இவ்விரண்டையும் ஓராசிரியரிடமே எதிர்பார்த்தார். அளவிட்டு முடிவு கூறும் பணியையும் அணுக்கமாக இருந்து துணைசெய்யும் பணியையும் ஒருவரே ஆற்ற முடியுமா என்பது இன்றைய மருத்துவக் கல்வியின் தீராத வினாக்களுள் ஒன்று.

பயிற்றுநரின் தேவை

மருத்துவர் வாழ்நாள் முழுவதும் கற்பவராக இருத்தல் வேண்டும் என்பது நம் பாடத்திட்டத்தின் இலக்கு. இந்திய மருத்துவப் பட்டதாரி ஏற்க வேண்டியனவாகச் சுட்டப்படும் ஐந்து பங்குகளில் இதுவும் ஒன்று. சிகிச்சையாளர், மருத்துவக் குழுவின் தலைவரும் உறுப்பினரும், தொடர்பாளர், தொழில் அறம் உடையவர் என்பன ஏனையவை. தம் குறையைத் தாமே அறிபவரே தாமே கற்க முடியும். அவ்வறிவு மருத்துவரிடம் இயல்பாக அமைந்திருக்கிறதா?

டேவிஸ் முதலியோர் 2006ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க ஆய்விதழில் வெளியிட்ட திறனாய்வு இவ்வினாவை ஆராய்ந்தது. மருத்துவர் தம்மைப் பற்றிக் கொண்ட மதிப்பீட்டையும் பிறர் செய்த மதிப்பீட்டையும் ஒப்பிட்ட 20 ஒப்பீடுகளுள் 13இல் இரண்டிற்கும் இடையே மிகக் குறைந்த தொடர்பே இருந்தது, அல்லது தொடர்பே இல்லை, அல்லது எதிர்நிலைத் தொடர்பு இருந்தது. ஆகவே ‘உன் குறையை நீயே உணர்ந்து திருத்திக்கொள்’ என்று மாணவரிடம் கூறிவிட்டு விலகுதல் போதாது. வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும்.

இரண்டாவது காரணம் மனநலம் சார்ந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, இணையவழி ஆய்வில் பங்கேற்ற 25,590 இளநிலை மாணவர்களுள் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு உள்ளதாகத் தெரிவித்துள்ளனர். பயிற்றுநர் முறை இதற்கு மருந்தாகிவிடும் எனக் கூற இயலாது. ஆயினும் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை சார்ந்த ஆய்வாளர் 88 மருத்துவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட சமவாய்ப்புச் சோதனை ஈண்டுக் கருதத்தக்கது. தொலைபேசி வழியாக மொத்தம் மூன்றரை மணிநேரம் தொழில்முறைப் பயிற்றுநருடன் உரையாடிய மருத்துவரின் உணர்வுச் சோர்வு குறைந்தது. அவ்வாய்ப்பைப் பெறாத ஒப்பீட்டுக் குழுவினரின் சோர்வு சற்றுக் கூடியது. இது சிறிய முன்னோட்ட ஆய்வே. எனினும் மூன்றரை மணிநேரம் என்பது எந்தக் கல்லூரியும் ஒதுக்க இயலாத காலம் அன்று.

பயிற்றுநருக்குரிய திறன்கள்

1. உற்றுநோக்கல்

ஜார்ஜ் மில்லர் 1990ஆம் ஆண்டு மருத்துவத் திறனை நான்கு படிகள் கொண்ட கூம்பாக விளக்கினார். அறிதல், எவ்வாறு என அறிதல், செய்து காட்டல், செய்தல் என்பன அப்படிகள். எழுத்துத்தேர்வு முதலிரண்டு படிகளையும், செய்முறைத்தேர்வு மூன்றாம் படியையும் அளக்கின்றன. நான்காம் படியை, அதாவது வார்டில் யாரும் தேர்வு நடத்தாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாணவர் என்ன செய்கிறார் என்பதை, உடனிருந்து பார்ப்பதன் வழியாகவே அறிய முடியும்.

நம் வழக்கில் மாணவர் நோயாளியிடம் தனியே சென்று நோய்வரலாறு கேட்கிறார். பின்னர் ஆசிரியர் முன்னிலையில் அதனை ஒப்புவிக்கிறார். ஆசிரியர் காண்பது அந்த ஒப்புவிப்பை மட்டுமே. நோயாளியின் பெயரைக் கேட்டாரா, அவர் பேசும்போது குறுக்கிட்டாரா, வயிற்றைத் தொடும் முன் இசைவு பெற்றாரா என்பன ஆசிரியரின் பார்வைக்கு வருவதே இல்லை. பயிற்றுநர் ஐந்து நிமிடமேனும் அவ்வுரையாடல் நடக்கும் இடத்தில் நிற்க வேண்டும். நிற்கும்போது இடையில் புகுந்து தாமே வினவத் தொடங்காமல் இருப்பது இத்திறனின் கடினமான பகுதி. நோயாளிக்கு ஊறு நேரும் நிலையில் மட்டுமே குறுக்கிடுதல் தகும்.

2. செவிமடுத்தல்

பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு வகுத்துள்ள எட்டு அடிப்படைத் திறன்களுள் செவிமடுத்தல் தனித்த ஒன்றாக இடம்பெறுகிறது. மருத்துவருக்கு இது எளிதன்று. நோயைக் கண்டறியப் பழகியவர், எதிரே இருப்பவர் பேசத் தொடங்கியவுடனே முடிவை நோக்கி ஓடும் மனத்தைப் பெற்றுவிடுகிறார். நோயாளியிடம் பயன்படும் அவ்வேகம் மாணவரிடம் இடையூறாகிறது. ‘எனக்குப் படிக்க நேரமே கிடைப்பதில்லை சார்’ என்று மாணவர் கூறியதும் ‘கால அட்டவணை போட்டுக்கொள்’ என்று மருந்து எழுதிவிடுகிறோம். நேரம் ஏன் கிடைக்கவில்லை என்னும் வினா கேட்கப்படாமலே போகிறது. விடுதிச் சூழலோ, வீட்டின் பொருள்நிலையோ, ஒரு பாடத்தின் மீதான அச்சமோ அச்சொற்றொடருக்குப் பின்னால் இருக்கலாம்.

3. வினா எழுப்புதல்

வார்டில் ஆசிரியர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் நினைவைச் சோதிப்பவை. ‘மஞ்சள் காமாலைக்கான காரணங்கள் யாவை?’ என்பது அத்தகையது. பயிற்றுநரின் வினா மாணவரின் சிந்தனை சென்ற வழியைத் திறந்து காட்டுவது. ‘இந்த நோயாளிக்குப் பித்தப்பைக் கல் இருக்கலாம் என்று நீங்கள் எந்த இடத்தில் எண்ணத் தொடங்கினீர்கள்? உங்கள் எண்ணத்தை மாற்றக்கூடிய செய்தி எது?’ என்பன அத்தகைய வினாக்கள்.

வினாக்களை ஒழுங்குபடுத்தப் பல முறைகள் உள்ளன. ஜான் விட்மோர் 1992இல் வெளியிட்ட நூலால் பரவலாக அறியப்பட்ட ‘குரோ’ முறை நான்கு படிகளைக் கொண்டது: எதை அடைய வேண்டும், இப்போது எங்கு நிற்கிறோம், என்னென்ன வழிகள் உள்ளன, எதைச் செய்யப் போகிறோம். தொழில் நிறுவனங்களுக்காக உருவான இம்முறை மருத்துவக் கல்வியிலும் கையாளப்படுகிறது. ஆயினும் முறையை இயந்திரம் போலப் பின்பற்றுவது பயன் தராது. நான்கு வினாக்களையும் வரிசையாகக் கேட்டு முடிக்கும் பயிற்றுநர், மாணவரின் இரண்டாம் விடையைக் கேளாமலே மூன்றாம் வினாவுக்குச் சென்றிருப்பார்.

4. பின்னூட்டம் அளித்தல்

பின்னூட்டம் எப்போதும் நன்மை தரும் என்பது பொதுவான நம்பிக்கை. குளூகர், டெனிசி ஆகியோர் 1996ஆம் ஆண்டு 600க்கும் மேற்பட்ட ஆய்வு விளைவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சராசரியாகப் பின்னூட்டம் செயல்திறனை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தமை தெரியவந்தது. கவனம் செயலிலிருந்து விலகித் ‘தான்’ என்பதை நோக்கித் திரும்பும்போது பின்னூட்டம் பயனிழக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘நீ கவனக்குறைவானவன்’ என்பது ஆளைப் பற்றியது. ‘இரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டையை முழங்கை மடிப்பின் மீதே சுற்றினீர்கள்’ என்பது செயலைப் பற்றியது. முன்னதைக் கேட்ட மாணவர் தம்மைக் காத்துக்கொள்ள முனைவார். பின்னதைக் கேட்டவர் பட்டையை மேலே நகர்த்துவார்.

கனடாவைச் சேர்ந்த ஜோன் சார்ஜென்ட் குழுவினர் 2015இல் முன்வைத்த முறை இதனை நான்கு நிலைகளாக விரிக்கிறது. உறவை அமைத்தல், பின்னூட்டத்தின் மீதான பயிலுநரின் எதிர்வினையை அறிதல், அதன் உள்ளடக்கம் விளங்கியதா எனத் தெளிதல், மாற்றத்திற்குத் துணைநிற்றல் என்பன அவை. இவற்றுள் இரண்டாம் நிலையே நம்மிடம் பெரிதும் விடுபடுகிறது. குறையைக் கூறியவுடன் திருத்தத்திற்குத் தாவுகிறோம். அக்குறையைக் கேட்ட மாணவருக்கு என்ன தோன்றியது என்று வினவுவதில்லை. ஏற்கப்படாத பின்னூட்டம் கூறப்படாத பின்னூட்டத்திற்கு ஒப்பானதே.

5. இலக்கு அமைத்தலும் தொடர்தலும்

‘இனி நன்றாகப் படிக்கிறேன்’ என்பது இலக்கு அன்று. ‘அடுத்த இரண்டு வாரங்களில் ஆறு நோயாளிகளின் இதய ஒலியைக் கேட்டு, என் கண்டறிவை எக்கோ அறிக்கையோடு ஒப்பிட்டு எழுதி வைப்பேன்’ என்பது இலக்கு. இத்தகைய இலக்கை மாணவரே உருவாக்கத் துணைசெய்வதும், இரண்டு வாரம் கழித்து அந்த ஏட்டை மறவாமல் கேட்பதும் பயிற்றுநரின் கடமைகள். பின்னதில் தவறினால் முன்னது பொருளிழக்கும். ஒருமுறை மட்டும் நிகழும் சந்திப்பு அறிவுரையாகவே எஞ்சும்.

பயிற்றுநருக்குரிய பண்புகள்

திறன்களைப் பயிலரங்கில் கற்கலாம். பண்புகள் நாள்தோறும் பழகி வருவன. அவற்றுள் நான்கு முதன்மையானவை.

மறைகாத்தல்: மாணவர் தம் குறையை வெளியிடுவதற்கு அடிப்படை நம்பிக்கை. அறையில் கூறியது ஆசிரியர் ஓய்வறையில் பேச்சாகிவிட்டால் அம்மாணவரோடு அவர் நண்பர்களும் வாய்மூடிவிடுவர். ஆயினும் மறைகாத்தலுக்கு எல்லை உண்டு. மாணவரின் உயிருக்கோ நோயாளியின் உயிருக்கோ கேடு நேரும் என்னும் நிலையில் உரியவரிடம் தெரிவித்தே ஆக வேண்டும். இவ்வெல்லையை முதல் சந்திப்பிலேயே கூறி உடன்பாடு காண்பது முறை. பின்னர் கூறினால் அது நம்பிக்கைத் துரோகமாகத் தோன்றும்.

பணிவு: இங்குப் பணிவு என்பது தம் அறிவின் எல்லையை மாணவர் முன் ஏற்றுக்கொள்ளும் துணிவு. தாம் தவறு செய்த ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் ஆசிரியரிடமே மாணவர் தம் தவறைப் பேசுவார். மூத்தோர் பிழை ஒப்புக்கொள்வதை மதிப்புக் குறைவாகக் கருதும் துறையில் இப்பண்பு அரிது. அதனாலேயே இதன் பயன் பெரிது.

நம்பிக்கை கொள்ளுதல்: மாணவரால் வளர முடியும் என்னும் எண்ணம் பயிற்றுநரிடம் உண்மையாகவே இருத்தல் வேண்டும். ‘இவன் தேறமாட்டான்’ என்று முன்பே முடிவு கட்டியவர் எவ்வளவு இனிய சொற்களைக் கூறினாலும் மாணவர் அதனை உணர்ந்துகொள்வார்.

எல்லையறிதல்: பயிற்றுநர் மனநல மருத்துவர் அல்லர், அவரே மனநல மருத்துவராயினும் தம் மாணவருக்குச் சிகிச்சை அளிப்பவர் அல்லர். தொடர்ந்த உறக்கமின்மை, வகுப்புகளிலிருந்து விலகுதல், வாழ்வின் மீதான வெறுப்பு ஆகிய அறிகுறிகளை இனங்கண்டு உரிய மருத்துவரிடம் சேர்ப்பித்தல் அவர் பொறுப்பு. தாமே பேசிச் சரிசெய்துவிடலாம் என்னும் நல்லெண்ணம் இவ்விடத்தில் ஆபத்தானது.

இரட்டைப் பொறுப்பின் சிக்கல்

மேற்கண்ட திறன்களும் பண்புகளும் ஒருங்கே அமைந்த ஆசிரியர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் மாணவரிடம், ‘உங்களுக்கு எந்தத் திறன் இன்னும் கைவரவில்லை?’ என்று கனிவோடு வினவுகிறார். நரம்புமண்டலப் பரிசோதனை தமக்கு இன்னும் தெரியாது என்பதை மாணவர் அறிவார். ஆனால் அவ்வாசிரியரே பதிவேட்டில் கையொப்பம் இடுபவர். அவரே அகமதிப்பீட்டு மதிப்பெண் வழங்குபவர். அம்மதிப்பெண்ணில் உரிய அளவைப் பெறாதவர் பல்கலைக்கழகத் தேர்வை எழுத இயலாது. மாணவர் என்ன விடை கூறுவார்? ‘எல்லாம் நன்றாகப் போகிறது மேடம்’ என்பதே அவ்விடையாக இருக்கும். இவ்விடையில் மாணவரின் நேர்மைக் குறைவைக் காண்பது பிழை. அமைப்பு அவரிடமிருந்து பெறக்கூடிய அறிவுடைய விடை அது ஒன்றே.

இதனால் விளையும் இழப்பு மாணவரோடு நிற்பதில்லை. மறைக்கப்பட்ட குறை பதிவேட்டில் நிறைவாகப் பதியப்பெற்று, உள்ளிருப்புப் பயிற்சிக் காலத்தில் இரவுப் பணியில் ஒரு நோயாளியின் அருகில் வெளிப்படும்.

இச்சிக்கலுக்குக் கனடாவின் முதுநிலைப் பயிற்சித் திட்டம் ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கு 2017 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த திறன்சார் திட்டம், பயிற்றுதலை இருவகையாகக் காண்கிறது. நோயாளியின் அருகில் அவ்வப்போது நிகழ்வது ஒன்று. பல மாதங்களுக்குத் தொடர்ந்து, சேர்ந்த சான்றுகளை முன்வைத்து நிகழ்வது மற்றொன்று. பயிலுநர் அடுத்த நிலைக்குச் செல்லத் தகுதியுடையவரா என்பதை இவ்விருவகைப் பயிற்றுநரும் தனித்து முடிவு செய்வதில்லை. அது தகுதிக் குழு ஒன்றின் பணி. நன்னூல் உவமையில் கூறுவதாயின், துலாக்கோல் குழுவின் கையிலும் மலர் பயிற்றுநரின் கையிலும் வைக்கப்படுகின்றன.

இரண்டையும் முற்றிலும் பிரிப்பதற்கு எதிரான வாதமும் உண்டு. மாணவரின் செயலை நேரில் கண்டவரே சிறந்த மதிப்பீட்டாளர் என்பதும், ஆசிரியர் பற்றாக்குறை உள்ள கல்லூரியில் இருவேறு ஆசிரியரை அமர்த்துவது இயலாது என்பதும் புறந்தள்ளத்தக்கன அல்ல. எனினும் துறைகளுக்கிடையே மாற்றிக்கொள்ளுதல் இயலக்கூடியதே. முன்னர்க் கூறியவாறு பயிற்றுநர் அதே துறையினராக இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு மாணவருக்கு, அவர் ஏற்கெனவே கடந்துவந்த உடற்கூற்றியல் துறையின் ஆசிரியர் பயிற்றுநராக அமையலாம். மதிப்பெண் அவர் கையில் இல்லை. கூடுதல் பணியிடமோ கூடுதல் செலவோ இதற்குத் தேவையில்லை. பட்டியலை மாற்றி எழுதினால் போதும்.

தமிழகச் சூழலில் மொழி

அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தமிழ்வழியில் பயின்ற மாணவர் பலருக்கு அது மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறந்தது. கல்லூரிக்குள் பாடநூலும் விரிவுரையும் தேர்வும் ஆங்கிலத்தில் அமைகின்றன. வார்டில் நோயாளி பேசுவதோ தமிழ்.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது, மேல்மூச்சு வாங்குது’ என்று நோயாளி கூறுவதன் பொருளை உடனே உணர்ந்து, அடுத்த வினாவை அவர் மொழியிலேயே கேட்கவல்ல மாணவர், அதனை ஆங்கிலத்தில் ஒப்புவிக்கும்போது தடுமாறலாம். ஒப்புவிப்பை மட்டும் கேட்கும் ஆசிரியருக்கு அவர் பின்தங்கியவராகத் தோன்றுவார். நோயாளியோடு அவர் பேசுவதை உடனிருந்து காணும் பயிற்றுநருக்கோ, மருத்துவத் திறனில் அவர் முன்னிற்பதும் ஆங்கில வெளிப்பாட்டில் மட்டுமே உதவி தேவைப்படுவதும் புலப்படும். இரண்டையும் பிரித்துக் காணும் பார்வை இன்றேல், மொழிக்குறை அறிவுக்குறையாகப் பதிவாகிவிடும். எனவே தமிழகத்தில் பயிற்றுநரின் உற்றுநோக்கல் திறன் கற்பித்தல் நுட்பமாக மட்டும் அன்றிச் சமூகநீதியின் கருவியாகவும் அமைகிறது. தனிச் சந்திப்பில் மாணவர் தமக்கு இயல்பான மொழியில் பேச இடமளிப்பதும் இதன்பாற்படும்.

பயிற்றுநரை உருவாக்குதல்

நல்ல மருத்துவர் தாமாகவே நல்ல பயிற்றுநர் ஆகிவிடுவதில்லை. கல்லூரிகளில் உள்ள மருத்துவக் கல்விப் பிரிவுகள் ஆசிரியருக்கு அடிப்படைப் பயிலரங்குகளை நடத்தி வருகின்றன. அவற்றில் பின்னூட்டம் பற்றிய விரிவுரையோடு நின்றுவிடாமல், ஆசிரியர் இருவர் இருவராகப் பிரிந்து உரையாடலைப் பயின்று, மூன்றாமவர் உற்றுநோக்கிக் கருத்துரைக்கும் பயிற்சியைச் சேர்க்கலாம். ஓர் ஆசிரியர் விரும்பி அழைத்தால் மற்றோர் ஆசிரியர் அவருடைய வார்டு வகுப்பில் ஓரமாக அமர்ந்து நோக்கலாம். ஆஸ்டீன் கவாண்டேக்குச் செய்தது அதுவே. தாம் ஒருமுறையேனும் பயிலுநராக இருந்து, தம் முழங்கை உயர்வதைப் பிறர் கூறக் கேட்டவருக்கே, அதனை மாணவரிடம் எவ்வாறு கூற வேண்டும் என்பது விளங்கும்.

முடிவுரை

உற்றுநோக்கல், செவிமடுத்தல், வினா எழுப்புதல், பின்னூட்டம் அளித்தல், இலக்கு அமைத்துத் தொடர்தல் ஆகிய ஐந்தும் பயிற்றுநரின் திறன்கள். மறைகாத்தல், பணிவு, மாணவர் மீதான நம்பிக்கை, எல்லையறிதல் ஆகிய நான்கும் அவர்தம் பண்புகள். இவை ஒன்றையொன்று சார்ந்தவை. நம்பிக்கை இல்லாதவிடத்துச் சிறந்த வினாவும் விசாரணையாகத் தோன்றும். உற்றுநோக்காமல் கூறும் பின்னூட்டம் ஊகமாகவே நிற்கும்.

ஆயினும் இவ்வொன்பதையும் தனிமனிதரின் பொறுப்பாக மட்டும் காண்பது பொருந்தாது. குறையைக் கூறினால் மதிப்பெண் குறையும் என்னும் அச்சத்தை நிறுவனமே உருவாக்கிவிட்டு, அதனைக் களையும் பொறுப்பை ஆசிரியரின் கனிவிடம் ஒப்படைப்பது முறையன்று. பயிற்றும் பணியையும் மதிப்பிடும் பணியையும் வெவ்வேறு கைகளில் வைப்பதே முதற்படி. இத்தகைய மாற்றம் செய்யப்பட்ட கல்லூரியில் மாணவர் தம் குறையை வெளிப்படுத்தும் அளவு கூடுகிறதா என்பதைக் களத்தில் ஆராய்தல் வருங்கால ஆய்வுகளுக்குரிய பொருளாகும். ‘எனக்கு இது இன்னும் தெரியவில்லை சார்’ என்று ஒரு மருத்துவ மாணவர் அச்சமின்றிக் கூறக்கூடிய இடம் கல்லூரியில் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அது நோயாளியின் பாதுகாப்பும் ஆகும்.